பாட்டுக்குப் பெயர் போடுகிறவர்

என் தம்பி சபரிக்குப் பாட்டு என்றால் ஆகாது. கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு ரேடியோவில் பாட்டு ஓடினால், செய்தி எப்போது வரும் என்று கேட்கிற பிள்ளை அவன். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலையில் போன் பண்ணி, "அக்கா, ஓவியாவை சாங் ரைட்டர் ஆக்கப் போறோம்" என்றான்.

"உன் பொண்ணு ஆசைப்பட்டாளா?"

"ஆசை கிடக்குதுக்கா. அப்ளிகேஷனுக்கு வேணும்."

அமெரிக்காவில், எங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இங்கே காலேஜுக்கு அப்ளிகேஷன் போடும்போது மார்க் மட்டும் இருந்தால் போதாது. நம் பிள்ளைகள் எல்லோரிடமும் மார்க் இருக்கிறது. எல்லோரும் அரங்கேற்றம் முடித்திருக்கிறார்கள். எல்லோரும் ஏதோ ஒரு ஏழை நாட்டுக்கு ஒரு பெட்டி பென்சில் அனுப்பிவிட்டு, தங்களுக்கு 'ஃபவுண்டர்' என்று பட்டம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கும்பலில் தன் பிள்ளை மட்டும் அட்மிஷன் ஆபீசர் கண்ணில் பட வேண்டுமென்றால் புதிதாக ஏதாவது வேண்டும். போன வருஷம் கஸ்தூரிரங்கனின் மகன் க்ரிஷ் 'பாடலாசிரியர்' என்று போட்டுப் பெரிய காலேஜில் இடம் பிடித்துவிட்டான். க்ரிஷை எனக்கு நன்றாகத் தெரியும். கேக் வெட்டும்போது எல்லோரும் பாட, வாயை மட்டும் அசைக்கிற பையன். அவன் பாட்டு எழுதினான் என்றால் நான் நிலாவுக்குப் போய் வந்தேன்.

க்ரிஷின் பாட்டை எழுதியவர் பெயர் ரே டன்னிங். வயது எண்பத்தெட்டு. ராக் அண்ட் ரோல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் பாட்டு எழுதியவர், பாடகர்களுக்கு மேனேஜராக இருந்தவர். லைப்ரரியில் அவர் பழங்கதை பேச வந்த அன்று, கஸ்தூரிரங்கன் சும்மா கிடைக்கிற காபிக்காகப் போய் உட்கார்ந்து, ஆளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து கிழவருக்கு நம்மவர்கள் வீட்டில் விருந்துக்குக் குறைவில்லை.

நான் சாந்தாமணி. சபரிக்கு மூத்தவள். மாத்திரைக் கம்பெனி லேபில் வேலை. கல்யாணம் பண்ணி, அதை முடித்தும் வைத்துவிட்டு, தம்பி இருக்கும் அதே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் இரண்டு பில்டிங் தள்ளித் தனியாக இருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று தம்பி பெண்டாட்டி தாமரைச்செல்வி சொல்லுவாள். சரிதான். அந்த வீட்டில் யாராவது ஒருவருக்காவது வாய் இருக்க வேண்டாமா?

டன்னிங் முதல் தடவை வந்த அன்று தாமரைச்செல்வி வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தாள். கிழவர் நீலநிற வெல்வெட் கோட்டில் வந்து, சோபாவின் நடுவில் உட்கார்ந்து, பஜ்ஜியை ஒரு கை பார்த்தார். ஓவியா எதிரில் கீபோர்டுக்குப் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது. நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பெண். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற பெண்ணல்ல, கேட்காததையும் கவனிக்கிற பெண். அது அவள் அப்பனுக்குத் தெரியாது.

"சார், உங்க கரியர் பத்திச் சொல்லுங்க. இவ நோட்ஸ் எடுத்துக்குவா" என்றான் சபரி. ஐ.ஐ.டி. கோச்சிங்குக்கு வாத்தியார் வைத்த மாதிரி நினைப்பு.

கிழவர் சொன்னார். அவர் பேசியது இங்கிலீஷ். என் வாய்க்கு வந்த தமிழில் சொல்கிறேன், அவருக்கு இதுவே அதிகம்.

"அப்ப எனக்கு இருபது வயசு. நூவர்க்ல ரயில் பாலத்துக்கு அடியில சாயங்காலம் ஆனா பசங்க நின்னு பாடுவாங்க. பாலத்துக்கு அடியில எக்கோ நல்லா இருக்கும். நான் போய்ச் சும்மா நிப்பேன். முதல் தடவை கேட்டா மெட்டு மனசுல நிக்கும். ரெண்டாவது தடவை வார்த்தை. மூணாவது தடவை பாட்டு என்னுது."

சபரி சிரித்தான். ஜோக் என்று நினைத்துவிட்டான். கிழவர் ஜோக் சொல்லவில்லை.

அந்தப் பையன்களுக்கு ஆளுக்கொரு கோட்டு தைத்துக் கொடுப்பாராம். ஒரே நிறம், ஒரே பித்தான். காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக டான்ஸ் ஹால்களுக்குக் கூட்டிப் போவாராம். அதற்குப் பெயர் மேனேஜர். இசைத்தட்டு வரும்போது எழுதியவர் என்ற இடத்தில் 'ரே டன்னிங்' என்று இருக்கும். கூடவே இன்னொரு பெயரும் இருக்கும், அது ரேடியோ ஸ்டேஷனில் தட்டைச் சுழற்றுகிறவனுடைய பெயர். அவன் பெயரும் இருந்தால்தான் அவன் அந்தப் பாட்டைப் போடுவான். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வார்கள். இவர் கதையில் நெய்யும் ஊரான் வீட்டுடையது, கையும் ஊரான் வீட்டுடையது.

"என் பெரிய ஹிட் 'யுவர் அம்ப்ரெல்லா, மை ஷூஸ்'. டோலோரெஸ்னு ஒரு பொண்ணு. லாண்டரில வேலை பாத்துக்கிட்டே பாடுவா. மழைல ஒருத்தன் அவளுக்குக் குடை கொடுத்தான், இவ அவனுக்குச் செருப்பைக் கொடுத்தா, அதான் பாட்டு. நாடு பூரா பாடிச்சு."

"எழுதினது யாரு?" என்று ஓவியா இங்கிலீஷில் கேட்டாள்.

"பேர் என்னுது."

"நான் பேரைக் கேக்கலை."

கிழவர் அவளைப் பார்த்தார். அதுவரை அவர் பஜ்ஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பாடினாளே, கண்ணு. மேடைல நின்னு பாடினாளே. போதாதா?" என்றார்.

"வாட் எ பிசினஸ் மைண்ட்" என்றான் என் தம்பி. எனக்கு எழுந்து போய் அவன் தலையில் குட்ட வேண்டும் போல இருந்தது.

அப்புறம் இங்கிலாந்திலிருந்து முடி வளர்த்த பையன்கள் வந்து இறங்கி, தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிக்கொண்டார்களாம். டன்னிங்குக்குப் பிழைப்பு போயிற்று. மீதி ஆயுசெல்லாம் கார்ப்பெட் கடையில் சேல்ஸ்மேன். இப்போது எண்பத்தெட்டு வயதில், நம் ஆட்கள் புண்ணியத்தில் மறுபடியும் பாடலாசிரியர். ஒரு வித்தியாசம்தான். அன்றைக்குப் பிள்ளைகளின் பாட்டில் தன் பெயரைப் போட்டார். இன்றைக்குத் தன் பாட்டில் பிள்ளைகளின் பெயரைப் போடுகிறார். கிழவருக்கே அது ஆச்சரியம். "அந்தக் காலத்துல நான் அப்பா அம்மா கண்ல மண்ணைத் தூவணும். நீங்க என்னடான்னா காபி போட்டுக் கொடுக்கறீங்க" என்றார். சபரி அதற்கும் சிரித்தான். என்ன கட்டணம் என்று அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சபரி ஆர்டர் கொடுத்த விதம் இருக்கிறதே! பெண்கள் முன்னேற்றம் வேண்டுமாம், அகதிகள் கொஞ்சம் வேண்டுமாம், ஆறு குளம் ஏதாவது நடுவில் வந்தால் நல்லதாம். தீபாவளி இனிப்பு ஆர்டர் பண்ணுகிற மாதிரி சொன்னான். கிழவர் ஒரு வாரத்தில் 'ரிவர் ஆஃப் டாட்டர்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய ஏதோ ஒரு பழைய, விலைபோகாத மெட்டு. காதலி என்று இருந்த இடத்தில் மகள் என்று மாற்றியிருந்தார், அவ்வளவுதான். மகள்கள் நதியாக ஓடுகிறார்கள், எழுகிறார்கள், மறுபடியும் ஓடுகிறார்கள். தாமரைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓவியா வாசித்துப் பழகினாள்.

ஆனால் ஓவியாவிடம் சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. அதுதான் இந்தக் கதை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் சபரிக்கு வேலை போயிற்று. கிரீன் கார்டு வரவில்லை. விசாக் கெடு முடிவதற்குள் வேறு வேலை கிடைக்கவில்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும். சபரி இதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, ரயில் ஏறாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். தமிழ்ச் சங்கத்து ஆட்கள் யாராவது பார்த்தால் ஆபீஸுக்குப் போகிறான் என்று நினைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, "நல்லா இருக்கோம். இங்க பனி பெய்யுது. நல்லா இருக்கோம்" என்பான். பக்கத்தில் பாதி கட்டின பெட்டிகள் கிடக்கும். கடைசி நேரத்தில் வேலை கிடைத்தது, பெட்டிகளைப் பிரித்தார்கள். அதன்பிறகு அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது.

ஓவியா பேசவில்லை. பாட்டாக எழுதிவிட்டாள்.

கிழவர் அடுத்த தடவை வந்த அன்று சபரி தோசை மாவு வாங்கப் போயிருந்தான். ஓவியா அறையில் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் பாட்டுத்தான், ஆனால் திரும்பத் திரும்ப வருகிற அடி மட்டும் தமிழ்: நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம். கார் ஸ்டேஷனில் நிற்கிறது, அப்பா ரயில் ஏறவில்லை, நல்லா இருக்கோம். பெட்டிக்குள் என் குளிர்ச்சட்டை, வெளியே பனி, நல்லா இருக்கோம். மெட்டு அழவில்லை, கெஞ்சவில்லை. போனில் பேசுகிற மாதிரியே, ரொம்பச் சாதாரணமாக, சிரித்த முகத்தோடு போயிற்று. நான் சமையலறையில் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

டன்னிங் ஹாலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அவள் அறை வாசலுக்குப் போனார். "இன்னொரு தடவை பாடு" என்றார். பாடினாள். அந்தத் தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். சொன்னாள். "வி ஆர் ஃபைன்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவளை யாரும் இன்னொரு தடவை பாடச் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்து சபரி மாவோடு உள்ளே வந்தான். கடைசி அடியைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது.

"என்ன பாட்டு இது?"

"ஐ ரோட் இட், அப்பா."

"இதைப் போய் அட்மிஷன் ஆபீசர் கேக்கணுமா? அப்பனுக்கு வேலை போச்சு, கார்ல உக்காந்திருந்தான்னு? இதுல லீடர்ஷிப் எங்க இருக்கு? இம்பாக்ட் எங்க இருக்கு? இனிமே இந்தப் பாட்டு இந்த வீட்ல கேக்கக் கூடாது."

"டேய், பாட்டு நல்லா இருக்குடா" என்றேன்.

"அக்கா, நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! டன்னிங் மட்டும், "பாஸ் சொன்னா சரிதான்" என்று தலையாட்டிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். கீபோர்டில் மறுபடியும் அந்த நதி ஓட ஆரம்பித்தது.

தீபாவளி விழா ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில் சனிக்கிழமை மதியம் நடந்தது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் இப்போது 'நம் பிள்ளைகள், சொந்தப் படைப்பு' என்று ஒரு பகுதி இருக்கிறது. அப்ளிகேஷன் போடுகிற வருஷத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். மேடையேறி ஒன்றைச் செய்ய வேண்டும், கீழே பெற்றோர் வீடியோ எடுக்க வேண்டும், தலைவர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். வேறு யாருக்கும் இதில் அக்கறை இல்லை. சாப்பாட்டு வரிசை எப்போது தொடங்கும் என்று ஜனங்கள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சபரி சங்கத்தின் துணைச் செயலாளர். மைக் அவன் கையில்.

முதலில் டன்னிங்குக்குப் பொன்னாடை. "ராக் அண்ட் ரோல் பிதாமகர்" என்று அறிவித்து சபரியே போர்த்தினான். கிழவர் சால்வையை இழுத்து நெஞ்சோடு மூடிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் ஒரு பாட்டைக்கூடச் சொந்தமாக எழுதி உருப்படாத மனிதர். சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிதாமகர் கிடைக்க மாட்டார்.

பிறகு கஸ்தூரிரங்கனின் மகள் தீக்ஷா மேடையேறினாள். க்ரிஷின் தங்கை, ஓவியாவின் வகுப்புத்தான். பருவநிலை மாற்றம் பற்றித் தானே எழுதிய பாட்டு என்று சபரி வாசித்தான். தீக்ஷா கிட்டாரை மீட்டினாள்.

முதல் அடியிலேயே என் பக்கத்திலிருந்த தாமரைச்செல்வி என் கையைப் பிடித்தாள். ஓவியாவின் மெட்டு. அச்சு அசல் அதே மெட்டு. "வி ஆர் ஃபைன், வி ஆர் ஃபைன்" என்று பாடினாள் தீக்ஷா. காடு எரிகிறது, வி ஆர் ஃபைன். பனி உருகுகிறது, வி ஆர் ஃபைன். அப்புறம் கேளுங்கள்: கார் ஸ்டேஷனில் நிற்கிறது, யாரும் ரயில் ஏறவில்லை, வி ஆர் ஃபைன். என் தம்பி மானத்தை மறைக்கக் காருக்குள் ஒளிந்திருந்ததைக் கிழவர் பொதுப் போக்குவரத்து விழிப்புணர்வாக மாற்றி விற்றிருந்தார். ஜனம் கைதட்டியது. கஸ்தூரிரங்கன் எழுந்து நின்று வீடியோ எடுத்தார். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கும் அப்பா கடையில் வாங்கிக் கொடுத்த பாட்டுத்தான்.

நான் மேடைப் பக்கம் போய் சபரியின் கையைப் பிடித்தேன். "கேட்டியாடா? அது நம்ம பிள்ளை பாட்டு. மைக் உன் கைல இருக்கு, கேளு."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "என்னன்னுக்கா கேக்கறது? 'இது என் பொண்ணு எழுதினது'ன்னு சொன்னா, அப்ப அடுத்தது அவ பாடப் போறது யார் எழுதினதுன்னு கேக்க மாட்டாங்களா? எல்லாம் வெளிய வந்துரும். அப்ளிகேஷன் போச்சு."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வலிக்கிறது, கத்த முடியாது. அதே மைக்கில், குரல் நடுங்காமல், "அடுத்ததாக, ஓவியா சபரி. பாடல், ரிவர் ஆஃப் டாட்டர்ஸ்" என்று அறிவித்தான்.

ஓவியா கீபோர்டின் முன் போய் உட்கார்ந்தாள். மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள். வீட்டில் தமிழே பேசாத பெண் அந்த ஆடிட்டோரியத்தில் தமிழில் பேசினாள்.

"இப்ப நீங்க கேட்ட பாட்டு நான் எழுதினது. முழுசா பாடறேன்."

பாடினாள். 'வி ஆர் ஃபைன்' இல்லை, 'நல்லா இருக்கோம்'. காடும் இல்லை, உருகுகிற பனியும் இல்லை. பாதி கட்டின பெட்டி, ஸ்பீக்கர் போன், டிபன் பாக்ஸ், பிரின்ஸ்டன் ஜங்ஷன் பார்க்கிங். சாப்பாட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் முன்னால் திரும்பின. அந்த ஹாலில் ஊருக்குப் போன் பண்ணி அப்படிச் சொல்லாதவர்கள் யார் இருக்கிறார்கள்? சில பேர் குனிந்துகொண்டார்கள். சில பேர் மெதுவாக சபரியைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பாட்டு முடிந்தது. கைதட்டியது இரண்டே பேர். நான் ஒருத்தி, அத்தை தட்டுவது கணக்கில் வராது. இன்னொருவர் டன்னிங். சால்வை நழுவி விழ, எழுந்து நின்று தட்டினார்.

கஸ்தூரிரங்கன் முன்னால் வந்துவிட்டார். "என்ன சார் இது? என் பொண்ணு இப்பதான் பாடிட்டு இறங்கறா, அதே ட்யூனை அப்படியே காப்பி அடிச்சுட்டு, தான் எழுதினேன்னு சொல்றா? துணைச் செயலாளர் பொண்ணுன்னா என்ன வேணா பண்ணலாமா?"

தலைவர் சபரியைப் பார்த்தார். எல்லோரும் சபரியைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். 'அவள்தான் எழுதினாள், நான்தான் அந்தக் காரில் இருந்தேன்.' அந்த நிமிஷம் வரைக்கும் அவன் சொல்லுவான் என்றுதான் நான் நம்பினேன். கீபோர்டில் கை வைத்தபடி ஓவியாவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபரி மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"எல்லாரும் மன்னிக்கணும். பிள்ளைக்கு அப்ளிகேஷன் டென்ஷன். தீக்ஷா பாட்டு ரொம்பப் பிடிச்சுப்போய், அதையே... கஸ்தூரிரங்கன் சார், சாரி சார். தீக்ஷாவுக்கு நாங்க அபாலஜி சொல்லிக்கறோம். மத்தபடி அந்த வேலை போனது, ஸ்டேஷன், பெட்டி, அதெல்லாம் சும்மா கற்பனைங்க." கொஞ்சம் சிரித்தான். "யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க நல்லா இருக்கோம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கே உறைக்கவில்லை. ஓவியா கீபோர்டின் ஸ்விட்சை அணைத்துவிட்டு இறங்கினாள். சாப்பாடு தயார் என்று யாரோ கத்தினார்கள், ஜனம் எழுந்தது.

சிறப்பு விருந்தினரை வீட்டில் கொண்டுபோய் விடுவது சங்கத்தின் வழக்கம். அந்த வேலையைச் சபரி என் தலையில் கட்டினான். "அக்கா, அவரை டிராப் பண்ணிடு. அவர் கோவிச்சுக்காம பாத்துக்க." ஓவியா என் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். டன்னிங் முன்சீட்டில், சால்வையோடு, மடியில் சாப்பாட்டு டப்பாவோடு.

ரூட் ஒன் ஹைவேயில் ஏறியதும் ஆரம்பித்தேன். என் இங்கிலீஷ் லேபுக்குப் போதுமானது, திட்டுவதற்குப் போதாது. அதனால் பாதி தமிழிலேயே திட்டினேன். வெட்கமில்லையா, பேத்தி வயதுப் பெண்ணின் பாட்டைத் திருடித் தின்கிறாயே, கட்டையில் போகிற வயதில் இந்தப் புத்தியா என்று கேட்டேன். அவர் டப்பாவைத் திறந்து கேசரியை முகர்ந்து பார்த்தார்.

"உங்ககிட்டதான் அத்தனை பாட்டு இருக்கே, ஏன் என்னுது?" என்று பின்னாலிருந்து ஓவியா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கிழவர் டப்பாவை மூடினார்.

"அந்த நதிப் பாட்டு குப்பை. உங்கப்பா குப்பைதான் கேட்டார், கொடுத்தேன். அந்தப் பொண்ணோட அப்பாவுக்கும் முதல்ல ஒரு குப்பைதான் எடுத்து வெச்சிருந்தேன். ஆனா உன் பாட்டு மண்டைய விட்டுப் போகலை. படுத்தாலும் கேக்குது, எழுந்தாலும் கேக்குது. உங்கப்பா அதை மேடையேத்த மாட்டார்னு தெரியும். எனக்கு அதை ஒரு தடவை மேடைல கேக்கணும் போல இருந்துச்சு." டப்பா மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். "நல்ல பாட்டைத் தவிர வேற எதையும் நான் திருடினதில்ல, கண்ணு. இத்தனை வருஷத்துல, கேட்ட உடனே கை பரபரத்தது ரெண்டே பாட்டுக்குத்தான். ஒண்ணு டோலோரெஸோடது."

"அவங்க அப்புறம் என்ன எழுதினாங்க?"

"எழுதலை. எழுதினா மறுபடியும் இந்த ரே வந்து வாசல்ல நிப்பான்னு சொல்லிட்டா. லாண்டரிலயே இருந்துட்டா."

"அவங்க பேரை நீங்க எப்பவாவது போட்டிருக்கலாமே?"

கிழவர் சால்வையின் ஜரிகையை நிமிண்டிக்கொண்டே வந்தார். நானும் திட்டவில்லை. இந்த மனிதரைத் திட்டுவதில் இனி ருசி இல்லை என்று தோன்றிவிட்டது. என் பிள்ளையின் பாட்டுக்கு இந்த ஊரில் விலை தெரிந்தவர் இந்தத் திருட்டுக் கிழவர் ஒருவர்தான் என்பதை நினைத்தால் வயிறு எரிந்தது.

அவர் இருந்த முதியோர் அபார்ட்மென்ட் வாசலில் நிறுத்தினேன். இறங்கினவர் கதவைச் சாத்தாமல், குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். எண்பத்தெட்டு வயதுக் கண்ணில் அப்படி ஒரு பசி.

"இன்னொண்ணு இருக்கா?"

"இருக்கு" என்றாள் ஓவியா.

"கொஞ்சம் பாடிக் காட்டேன்."

"நோ."

சொல்லிவிட்டு, முன்னால் எட்டிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். கிழவர் சால்வையோடு நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வருகிறபோது அவள் முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். இருட்ட ஆரம்பித்திருந்தது. சிக்னலில் நிற்கும்போது மெல்ல முனக ஆரம்பித்தாள். நான் கேட்டிராத மெட்டு. நடுவில் நிறுத்தி, ஒரு இடத்தை மாற்றி, மறுபடியும் முனகினாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட்டை வேண்டுமென்றே தவறவிட்டு, சுற்றிக்கொண்டு வந்தேன்.

சபரியின் பில்டிங் முன் கார் திரும்பியதும் முனகல் நின்றது.

"அத்தை, புதுசு இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க, ப்ளீஸ்."

தமிழில்தான் சொன்னாள். அன்றைக்கு இரண்டாம் தடவை.

மேலே போனோம். சபரி டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"கிழவர் கோவமா இருந்தாராக்கா? சங்கத்துல யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டாரே?" என்று என்னிடம் கேட்டான். பிறகு மகளிடம், "ஓவி, நாளைக்குக் காலைல வீட்லயே அந்த ரிவர் பாட்டை ரெக்கார்ட் பண்ணிடலாம்டா. பேக்ரவுண்டுக்கு அந்த நீல ஸ்க்ரீனைப் போட்டுக்கலாம், யாருக்கும் வித்தியாசமே தெரியாது" என்றான். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அப்போதுதான் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "கோவமில்லையே? நீ ஓகேதானே?"

ஓவியா நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் ஊருக்குப் போன் பேசும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

"நல்லா இருக்கேம்ப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சபரிக்கு நிம்மதியாகிவிட்டது. உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்க்க ஆரம்பித்தான்.